ஏழாவது ஜெபக்குறிப்பு

எங்கள் சபையில் ஒருவர் பெயரைக் கெடுக்க ஊரெல்லாம் சுற்ற வேண்டாம். அவருக்காக ஜெபிக்கச் சொன்னால் போதும். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் காரியத்தை நானே செய்திருக்கிறேன் என்பதால் கோபம் கொஞ்சம் கூடுதல்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் வழியில், வயலுக்கு நடுவே இருக்கிறது எங்கள் சபை. நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. சபைக் கமிட்டியில், இளைஞர் குழுவான வாலிபர் ஐக்கியத்துக்கு ஆலோசகர். இத்தனை வருஷத்தில் என்ன ஆலோசனை சொன்னேன் என்று கேட்டால் முழிப்பேன். வருஷத்துக்கு ஒரு நாள், வாலிபர் ஞாயிறன்று, தலைவர்களுக்குச் சால்வை போர்த்துவேன். உற்சாகப்படுத்துவது என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். "ஜெபத்துல தாங்குறோம்" என்போம். மூச்சு விடுவதற்குள், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியையும் நீயே பார்த்துக்கொள் என்போம்.

இது நடந்தபோது வாலிபர் தலைவியாக இருந்தவளுக்கு இருபத்தாறு வயது. தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை; தினமும் பஸ். ஞாயிறு சாயங்காலம் இருபது பிள்ளைகளை வைத்துக் கூட்டம் நடத்துவாள். இரண்டு வாரம் வராதவன் வீட்டுக்கு மூன்றாவது வாரம் போய் நிற்பாள். நடவு நேரத்தில் பாதிப் பேர் வயலில் இருப்பார்கள். அதற்காகக் கூட்டத்தைத் தள்ளி வைத்தால், "கூட்டம் குறையுதே" என்று கமிட்டியில் முகம் சுளிப்பார்கள். சுளித்த முகங்களில் ஒன்றுகூட அந்தக் கூட்டத்துக்குப் போனதில்லை. என் முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"டீச்சர், ஆறு மாசமா எனக்கு ஜெபம் வரலை. கண்ண மூடுனா ஒண்ணுமே இல்ல. ஆனா பிள்ளைங்க முன்னாடி நின்னு பேசிக்கிட்டுதான் இருக்கேன்."

ரொம்பக் களைத்துவிட்டதாகவும், இரண்டு மாதம் யாராவது கூட்டத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், மறுபடி வந்துவிடுவதாகவும் சொன்னாள். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

அவள் போன அரைமணி நேரத்தில் போதகரின் மனைவி போதகரம்மாவுக்குப் போன் பண்ணினேன். கோள் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. வெளியே சொல்வது வேறு, ஜெபத்துக்குச் சொல்வது வேறு என்று நம்பியே வளர்ந்த வாய் இது. அவள் கேட்ட இரண்டு மாதத்தைப் போனில் சொல்லத்தான் மறந்துபோயிற்று.

மறுநாள் ஆராதனையில் போதகர் ஜெபக்குறிப்புகளை வாசித்தார். ஒருவர் முழங்கால் ஆபரேஷன். ஒருவர் மகனுக்குச் சிங்கப்பூர் விசா. வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும். இப்படியே போய், ஏழாவதாக: "நம்ம வாலிபர் தலைவி சகோதரி ஆவிக்குரிய வாழ்க்கையில பின்வாங்கிப் போயிருக்காங்க. கர்த்தர் அவங்களத் திரும்பக் கொண்டுவர ஜெபிப்போம்."

அவள் முன்னால் கீபோர்டில் உட்கார்ந்திருந்தாள், சபையைப் பார்த்தபடி. அவள் நடத்தும் கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினோம். நானும் இறுக்கி மூடிக்கொண்டேன். ஜெபம் முடிந்ததும் அடுத்த பாட்டை அவள்தான் வாசிக்க வேண்டும், வாசித்தாள்.

வெளியே வந்ததும் அன்பு அவளை மொய்த்துக்கொண்டது. ஒரு அம்மா, காதல் விவகாரமா என்று காதோடு கேட்டார். இன்னொருவர் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். ஒரு பெரியவர் அவள் செல்போனைக் குறை சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்ட ஆள் ஒருவரும் இல்லை.

அந்த வாரமே கமிட்டி கூடியது. பின்வாங்கிப் போனவள் பிள்ளைகளை நடத்தலாமா, இரண்டு மாதம் நிறுத்தி வைத்து மனந்திரும்புகிறாளா என்று பார்க்கலாம், அதற்குப் பிறகும் பதவி உண்டா என்று யோசிக்கலாம் என்றார்கள். அவள் கெஞ்சிக் கேட்ட அதே இரண்டு மாதம் தண்டனையாகத் திரும்பி வந்ததைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"இன்னைக்குக் காலைல ஒழுங்கா ஜெபம் பண்ணுனவங்க கை தூக்குங்க" என்றேன்.

அத்தனை பேரும் தூக்கினார்கள். புளுகர்கள்.

பிறகு, அவள் நம்பிச் சொன்னதை வெளியே விட்டவள் நான்தான், நிறுத்துவதாக இருந்தால் முதலில் என்னை நிறுத்துங்கள் என்று கத்தினேன். சத்தம் என்றாலே ஆகாத போதகர் அந்தப் பேச்சை அத்தோடு முடித்து வைத்தார். அவள் பதவி தப்பியது.

பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்பதையும் மறைப்பானேன். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள். உட்காரச் சொல்லவில்லை. மன்னித்துவிடம்மா என்றேன்.

"நான் உங்ககிட்ட ரெண்டு மாசம்தான் கேட்டேன் டீச்சர். ஜெபம் கேக்கலை."

அடுத்த ஞாயிறு அவள் கூட்டத்தை நடத்த நான் போனேன். எட்டு வாரமும் போனேன். எனக்குப் பாட வராது, கதை சொல்ல வராது; பிள்ளைகள் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தி கேட்டபோது, களைப்பு, ஓய்வெடுக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் கமிட்டி எனக்கும் ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தது. வாங்க மறுத்துவிட்டேன்.

சொன்னபடி திரும்பி வந்தாள். இப்போதும் அவள்தான் நடத்துகிறாள், முன்னைவிட நன்றாகவே. என்னிடம் மரியாதைக்குக் குறைவில்லை. போன வாரம் ஆராதனை முடிந்ததும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"நல்லா இருக்கேன் டீச்சர்" என்றாள், சபையில் எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே.