எந்தக் கிரகத்துக்கும் சேராத கல்

ஜோசியத்தை ஊரெல்லாம் கிண்டலடிக்கும் நான், பதவி உயர்வு ஆசையில், சுக்கிரனுக்கென்று வெள்ளைப் புஷ்பராக மோதிரம் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் அலைந்தேன். உயர்வு வரவில்லை. கல் அசல்தானா என்று கேட்கத் தாம்பரத்தில் ஒரு கல் பரிசோதகரிடம் போனேன்.

ஒடிசலான மனிதர். லென்ஸ் வைத்து வைத்து வலது கண்ணைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது. கெட்ட செய்தி சொல்லுமுன் அதைத் தேய்த்துக்கொள்வார். எனக்கு முன்னால் வந்தவருக்கும் தேய்த்தார், எனக்கும் தேய்த்தார்.

“புஷ்பராகம் இல்ல சார்.”

“கண்ணாடியா?”

“இல்ல, ஃபெனகைட். பெரிலியம் சிலிகேட். ஸ்படிகம் மாதிரி தெரியும், ஆனா அதைவிடக் கடினம். மரகதம் இருக்கற பாறைல எப்பவாவது கிடைக்கும். பாக்கறவங்கள ஏமாத்தும், கிரேக்கத்துல அதுக்குப் பேரே அதான். என் சர்வீஸ்ல இப்பதான் பாக்கறேன்.”

மின்சார ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரலில் சொன்னார்.

“இது எந்த கிரகத்துக்கு?”

“எதுக்கும் இல்ல சார். சும்மா கல்லு.”

ஆனால் மோதிரத்தைக் கொடுக்க மனமில்லாமல் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தேய்க்க மறந்துவிட்டார்.

அந்த முகத்தைச் செம்பாக்கம் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி உச்சுக்கொட்டினாள்.

“பாவம், சுக்கிரன் என்ன பண்ணுவார்? உங்க அப்ளிகேஷனே அவருக்குப் போய்ச் சேரலையே!”