ஞாயிற்றுக்கிழமை மழை

பதினாறு வருடம் ஞாயிற்றுக்கிழமை மழையை ஏமாற்றியவன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிடிபட்டேன். பிடித்தது நான் பெற்ற மகள்.

பதுளைக்கு அப்பால், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபிஸ் பியூனாக இருந்தேன். (படிப்பு ஏழாம் வகுப்பு. அதுவும் வாத்தியாரின் இரக்கத்தால்.) தினமும் காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்குள், ஆபிஸ் முற்றத்து மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

மகள் தேவகி பௌதிகத்தில் பட்டம் வாங்கி வந்திருந்தாள். வளிமண்டல ஆராய்ச்சிக்கு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். தேர்வானால் முழுச் செலவும் அவர்களுடையது. இல்லாவிட்டால் எங்களால் அவளைக் கொழும்புவரைகூட அனுப்ப முடியாது.

அங்குள்ள பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: உங்கள் ஊர் மழையைப் பற்றி ஒரு கட்டுரை.

கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு, என் மழைப் புத்தகங்களையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து வந்தேன். பெருமையாகத்தான்.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம மழையும் திங்கக்கெழம மழையும் எப்பவும் ஒரே அளவா இருக்கே?"

"நம்ம ஊரு மழைக்கு அது பழக்கம் கண்ணு."

"அப்பா."

ஒப்புக்கொண்டேன். ஞாயிறு என்றால் பசறைச் சந்தைக்கு முதல் பஸ். மழைமானிப் பக்கமே போகமாட்டேன். திங்களன்று இரண்டு நாள் தண்ணீரையும் ஒன்றாக அளந்து, அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிப்பதுபோல நேர்பாதியாக எழுதிவிடுவேன்.

"அங்கிட்டு இங்கிட்டு கொஞ்சம் மாத்தி எழுதிரு. வெள்ளைக்காரனுக்கு என்னா தெரியப்போவுது?"

"ஒங்க பொய்ய நான் வேற சொல்லணுமா?"

அடுப்படியிலிருந்து மனைவி: "அப்பிடிப் போயும் ஒரு கத்திரிக்கா ஒழுங்கா வாங்குனாரா?"

தேவகி உள்ளதை உள்ளபடியே எழுதினாள். 'அளந்தவர் என் தந்தை, ஞாயிறு அளப்பதில்லை, இரண்டு நாள் கூட்டுத்தொகை சரி, ஆகவே இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.'

பிள்ளையின் வாழ்க்கையைச் சந்தைப் பையில் போட்டுத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தபால் பை தூக்குவதும் என் வேலைதான். மூன்று மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. பையை ஆபிஸில் கொட்டி, அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் நின்றே வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"என்னா கண்ணு எழுதியிருக்காரு?"

"எல்லாச் செலவும் அவங்களே தர்றாங்கப்பா. பிளேன் டிக்கட், படிப்பு, மாசாமாசம் கைச்செலவு."

பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"ஒங்களுக்கும் ஒரு வரி இருக்கு. 'அப்பாகிட்ட சொல்லு, எங்க ஊருலயும் சனி ஞாயிறு மழை திங்கக்கெழமதான் பேயுது'ன்னு எழுதியிருக்காரு. உள்ளத மறைக்காம எழுதுனதுக்குத்தான் என்னைய எடுத்தாராம்."

வெள்ளைக்காரன்மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அன்றுதான்.

இப்போது ஓய்வு. வீட்டு முற்றத்தில் மகள் வாங்கித் தந்த மழைமானி. ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள். "சாப்பிட்டீங்களா" என்பது இரண்டாவது கேள்வி.

இன்றும் ஞாயிறு. பன்னிரண்டு மில்லிமீட்டர்.

அளந்துதான் சொல்கிறேன்.