மறுபக்கத்துக் கேள்விகள்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. வயது ஒன்பது. மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் கிராம்பும் மொத்தமாக வாங்கி விற்கிற குடும்பம். தாத்தாவுக்குத் தமிழில் கணக்கு வரும், மலையாளத்தில் சண்டை வரும். அப்பாவுக்குத் தந்தி படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நான் படித்ததால், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற மாதிரி, நான் மேதை. சித்தி இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்க வேண்டி வந்தபோது வேறு யோசனையே இல்லாமல் என்னை வாத்தியாராக்கிவிட்டார்கள்.

சித்தி நர்ஸ். கல்யாணமான சில மாதங்களில் சித்தப்பா ஒரு குளிர் தேசத்துக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். சித்தியும் அங்கே போக வேண்டுமானால் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்க வேண்டும். வேலை கிடைக்க இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். அதில் டேப்பைக் கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு பாகம், படித்துப் புரிந்துகொள்வது ஒரு பாகம். மெட்ராஸுக்குப் போய் ஒரு தடவை எழுதிப் பார்த்து, தோற்றுத் திரும்பியிருந்தாள். தோற்றதற்குக் காரணம் எங்கள் வீடுதான்.

சித்தப்பா கடிதம் எழுத மாட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். கேசட் வந்த அன்று அவரே வந்து இறங்கியது போல டேப் ரிக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துவிடுவோம். “அப்பா, இருமல் எப்படி இருக்கு?” என்று சித்தப்பா குரல் கேட்டதும் தாத்தா, “தேவலைடா, ஆடாதோடைக் கஷாயம் குடிக்கறேன்” என்று சத்தமாகச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் கேசட் அம்மாவிடம் இரண்டு விஷயம் விசாரித்துவிட்டு அப்பாவிடம் போயிருக்கும். திரும்பச் சுற்ற வேண்டும். திரும்பச் சுற்றினால் தாத்தா திரும்பவும் பதில் சொல்வார். கேட்ட மனுஷனுக்குப் பதில் சொல்லாமல் கம்பம் மாதிரி உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டில் மரியாதையில்லை.

சித்தியிடம் மட்டும் சித்தப்பா தனியாக எதுவும் கேட்க மாட்டார். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என்னவென்று கேட்பது? “மத்த எல்லாரும் சௌக்கியமா?” என்பார். அந்த ‘எல்லாரும்’ என்பதிலிருந்து சித்தி தன் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுக்களை வாசலில் நின்றபடி மெல்ல “ஓ” என்பாள், மலையாளத்தில் ஆமாம் என்பதற்கு. பதில் கேசட் பதிவு செய்யும்போது ஒவ்வொருவராகப் போய்ப் பேசுவோம். சித்தியின் முறை வந்தால், “இங்க எல்லாரும் சௌக்கியம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அந்தப் பழக்கம் பரீட்சை ஹாலிலும் போகவில்லை. டேப்பில் ஒருவன் ஏதோ கேட்க, சித்தி வாய்விட்டு “ஓ” என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் திரும்பிப் பார்க்க, வெட்கத்தில் அடுத்த பத்தி முழுவதும் போய்விட்டது. “அவன் பாட்டுக்கு அடுத்தடுத்துப் பறஞ்சுண்டே போயிட்டான், நான் எங்கயோ நின்னுட்டேன்” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அதற்கப்புறம்தான் சித்தப்பா கேசட்டின் மறுபக்கத்தில் பாடம் பதிந்து அனுப்பத் தொடங்கினார். ஒரு பத்தி இங்கிலீஷில் சொல்வார். பிறகு கேள்விகள். முதல் பக்கம் முடிந்து நான் கேசட்டைத் திருப்பிப் போட்டதும் தாத்தா துண்டை உதறி எழுந்துவிடுவார். “இனி பாடம். எனக்கொண்ணும் மனசிலாகாது. வா, கடைக்குப் போவோம்” என்று அப்பாவையும் கிளப்பிக்கொண்டு போவார். அம்மாவுக்கு அடுப்பில் வேலை இருக்கும். கூடத்தில் சித்தி, நான், என் அடிஸ்கேல்.

பதில் சொல்லும் வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தது நான். தாத்தாவின் கடைச் சாக்கிலிருந்து கிராம்பு எடுத்து வந்து, “வாயில போடுங்க. கடிக்கக் கூடாது, பத்தி முடியற வரைக்கும் பேசக் கூடாது” என்று உத்தரவு போட்டேன். கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு சித்தி கண்ணை மூடிக் கேட்பாள். கண்ணை எதற்கு மூட வேண்டும் என்று அதட்டியிருக்கிறேன். “அப்பதான் நல்லாக் கேக்குது மோளே” என்பாள்.

படித்துப் புரிந்துகொள்ளும் பாகத்துக்குக் கடலைப் பொட்டலம். பஜாரில் இங்கிலீஷ் பேப்பரைக் கிழித்துத்தான் மடித்துக் கொடுப்பார்கள். கடலையைத் தின்றுவிட்டுத் தாளை நீவிச் சித்தி வாசிப்பாள். எங்கோ ஒரு மந்திரி பாதிப் பேச்சில் நிற்பார். மீதியைத் தேடி மறுநாளும் அதே கடையில் கடலை வாங்குவோம். எனக்கு வயிறு வலிதான் மிச்சம். படிப்பில் சித்தி சீக்கிரமே தேறிவிட்டாள். கேட்பதுதான் பயமாக இருந்தது.

சித்தப்பாவின் பாடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பறவை, மிருகம், கப்பல் என்று எங்கள் ஸ்கூல் புத்தகத்தில் வருவது எதுவும் வராது. எப்போதும் ஒரு மனிதன். அவன் ஊரில் குளிர். அவன் ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத ஒரு மரம். அவன் வேலையிலிருந்து வருகிறான், விளக்கைப் போடுகிறான், சோறு வடிக்கிறான், அதிகமாக வடித்துவிடுகிறான். எனக்குச் சலித்துப்போகும். வார்த்தை ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரியும். கதை என்று ஒன்றும் இல்லையே என்று தோன்றும்.

ஒரு தடவை அந்த மனிதன் சந்தைக்குப் போய் சாயா குடிக்கக் கப் வாங்கினான். எத்தனை கப் வாங்கினான் என்பது முதல் கேள்வி. இரண்டு என்று சித்தி இங்கிலீஷில் சரியாகச் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அடுத்தது. ஒருவன். அதுவும் சரி. அப்படியானால் அவன் ஏன் இரண்டு வாங்கினான்?

கேசட் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்கேலால் தரையைத் தட்டினேன்.

“பாடத்துல அதுக்கு விடை இல்ல சித்தி. இல்லாததைக் கேக்கக் கூடாது. சித்தப்பாவுக்குக் கேள்வி கேக்கவே தெரியல.”

“இருக்கு,” என்றாள் சித்தி.

“எங்க இருக்கு? சொல்லுங்க.”

சித்தி தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள். நான் சொம்போடு திரும்பியபோது பதில் கேசட் போட்டிருந்தது. பதிவு செய்கிற பொத்தானிலிருந்து அப்போதுதான் விரலை எடுத்தாள். பதில் சொல்லியாகிவிட்டதாம். வாத்தியார் இல்லாதபோது சொன்னது செல்லாது என்று அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டேன். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிராம்பு காரம் என்றாள். சுழியத்துக்கு அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் மாற்றவில்லை.

அடுத்த பரீட்சையில் சித்தி தேறினாள். வீட்டில் பாயசம். வந்தவர்களிடமெல்லாம் தாத்தா, “இவ படிப்பிச்சதாக்கும்” என்று என்னைக் காட்டினார். தெரு முழுவதும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். பரண் மேலிருந்து பெட்டியை இறக்கிச் சித்தி புடவைகளை மடித்து வைக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. தேறினால் போய்விடுவாள் என்று எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். என் காதில் விழாமல் இல்லை. தினமும் எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிடும் கை அந்தப் பெட்டியோடு போகும் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை.

பாலம் தாண்டி, தீவிலிருந்த விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். சித்தி கைக்குட்டையில் ஒரு பிடி கிராம்பு முடிந்து வைத்திருந்தாள். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டபோது அவள் மேலெல்லாம் அந்த வாசம். வீடு திரும்பி, பள்ளிக்கு ஒற்றைப் பின்னலோடு போகப் பழகினேன். அம்மாவுக்கு அவ்வளவுதான் நேரம்.

அங்கிருந்து முதல் கேசட் வந்தது. இரண்டு பேர் குரலும் மாறி மாறிக் கேட்டது. மீன் கிடைக்கவில்லையாம், கப்பைக்கிழங்கு கிடைக்கவில்லையாம், சித்தப்பா வைத்த குழம்பில் உப்பு அதிகமாம். சித்தி சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. தாத்தா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். “என் டீச்சர் சுகமா?” என்று சித்தி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வாயில் கிராம்பு இருந்தது. மறுபக்கத்துக்காக முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன்.

எல்லோரும் எழுந்து போனதும் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு, சித்தி மாதிரியே கண்ணை மூடிக்கொண்டேன். பாடம் வரவில்லை. மனிதன் வரவில்லை, ஜன்னல் வரவில்லை. சர்ரென்ற சத்தம் மட்டும்தான். முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு, கடைசியில் எங்காவது ஒரு கேள்வியாவது இருக்கும் என்று காத்திருந்தேன். கிராம்பு ஊறிக் காரமெல்லாம் போய் வெறும் சக்கையாகிவிட்டது. டேப் தானாக நின்றது.

கேட்க வேண்டியவள் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்காகக் கேசட்டில் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குப் பாடம் அனுப்பச் சித்தப்பா மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதையே பதில் கேசட்டில், என் முறை வந்தபோது, அழுதுகொண்டே சொன்னேன்.