ஒரு ‘க’ விட்டுப் போனது

தெலுங்கு பேசும் ஊரான நாச்சாரத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பட்டுப்புழு கிடையாது. பட்டு போன்ற புரதத்தை பாக்டீரியாவை வைத்துச் செய்கிறோம். தண்ணீரில் கரைத்தால் தெளிவாக இருக்கும், ஆனால் பொல்லாதது. குலுக்கினால் போதும், தானாகவே ஒன்றோடொன்று கோத்து இழை இழையாகக் கட்டிக்கொண்டு, கஞ்சி மாதிரி உறைந்துவிடும். பிறகு யார் கெஞ்சினாலும் பிரியாது.

நான்கு மாத உழைப்பு இரண்டு குழாய்களில் இருந்தது. மறுநாள் அதை நூலாக இழுத்துக் காட்டினால்தான் எனக்கு வேலை நீடிக்கும். அன்று மதியம் இயக்குநர் அவசரமாகக் கூப்பிட்டார். குழாய் கழுவும் அக்காவிடம் என் ஓட்டைத் தெலுங்கில், “ஃப்ரிட்ஜ்லோ பெட்டண்டி அக்கா, கலபண்டி” என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஃப்ரிட்ஜில் வையுங்கள், கலக்காதீர்கள் என்று சொல்வதாகத்தான் நினைப்பு.

திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் இரண்டு குழாயும் வெள்ளை. கவிழ்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

“பாகா கலிபானு மேடம். மீரே செப்பாரு கதா?” என்றார் அக்கா பெருமையாக. நன்றாகக் கலக்கினாராம், நான்தான் சொன்னேனாம். அப்போதுதான் உறைத்தது. ‘கலபகண்டி’ என்றால்தான் கலக்காதீர்கள். நடுவில் ஒரு ‘க’வை விழுங்கிவிட்டால் ‘கலக்குங்கள்’. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

பின்னாலேயே இயக்குநர் வந்து நின்றார். இந்த ஊரிலேயே வளர்ந்த தமிழர்; ‘ஏன்’ என்பதற்கு இந்த ஊர் உருதில் ‘கைக்கு’ என்றுதான் வரும் அவர் வாயில். “கைக்கும்மா இப்படி ஆச்சு? அவங்ககிட்ட என்ன சொன்னே?”

வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் கண்முன்னே வந்தன.

“‘கலபகண்டி’ன்னுதான் சார் சொன்னேன்.” பாழாய்ப் போன வாயில் இப்போது மட்டும் ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அக்கா என்னையே பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

“நாகே சரிகா வினபடலேது சார்,” என்றார். தனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லையாம்.

தப்பு என்னுடையதல்ல என்று ஆகிவிட்டதால் எனக்கு இன்னும் ஆறு மாதம் கொடுத்தார்கள். அக்காவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். எனக்காகத்தான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து, முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அவரே பையோடு என் மேசைக்கு வந்தார். காது டாக்டரிடம் காட்டிக்கொள்ளட்டுமா மேடம் என்று தெலுங்கில் கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

காட்டுங்கள் அக்கா என்றேன்.