மாலைப் பூசைக்குப் போன இன்டர்நெட்

எங்கள் வீட்டுக்கு எந்த இன்டர்நெட் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் மூன்று பேர். அப்பா, சித்தப்பா, தம்பி. அப்பா கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார், அணைக்கச் சொன்னால் பிளக்கைப் பிடுங்குவார். சித்தப்பாவுக்கு வெங்காய மண்டி. ஒருமுறை மெட்ராஸில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வந்தவர் என்பதால், கரண்டில் ஓடும் எதைப் பற்றியும் கடைசி வார்த்தை அவருடையதுதான். தம்பி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவன் விளையாடுவதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று வீடே நம்பியது. உண்மையில் விளையாடியவள் நான்.

கல்லூரி முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வரும்வரை வீட்டில் இருந்தேன். தம்பி எங்கிருந்தோ ஒரு துப்பாக்கிச் சண்டை சிடியைக் கொண்டுவந்து போட்டான். நாலு நாளில் அவன் சலித்துப்போனான், எனக்குப் பிடித்துப்போனது. கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரிகளைச் சுட்டுச் சுட்டு அலுத்துவிட்டது. அடுத்து நிஜ ஆட்களோடு ஆட வேண்டும், அதற்கு நெட் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. பரீட்சை ரிசல்ட் பார்க்க ஒருமுறை போனேன். பலகை தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கு வருவதற்குள் நான் அங்கே போன செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆக, எனக்கு இருந்தது ஒரே வழி. வீட்டுக்கு வரும் நெட் நல்லதாக இருந்தால் ஆடலாம், இல்லையென்றால் கிடையாது.

வாங்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று டெலிபோன் லைனில் வருவது. இன்னொன்று எங்கள் தெரு கேபிள்காரர் டிவி வயரோடு சேர்த்து இழுத்துத் தருவது. டெலிபோன்காரர்கள் சொன்ன வேகம் கொஞ்சம். கேபிள்காரர் அதைப்போல எட்டு மடங்கு தருகிறேன் என்றார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டவர்கள் மூவருக்கும் அது கூட்டாகப் போயிருந்தது. அப்பா கணக்கு வாத்தியார் அல்லவா, எட்டு பெரிதா ஒன்று பெரிதா என்று பார்த்து முடித்துவிட்டார்.

விளையாட்டுக்கு வேண்டியது அந்த வேகம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் இங்கே பொத்தானை அழுத்துவது அங்கே போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் விஷயம். அதற்குப் பிங் என்று பேர். தம்பி சென்டரிலிருந்து விளையாட்டு பற்றிய பக்கங்களை பிரிண்ட் எடுத்து வருவான். அவன் படம் பார்ப்பான், நான் படிப்பேன். முழுச் சுமை வெங்காயத்துக்கு லாரி வேண்டும், ஒரு முழம் பூ வாங்கிவர லாரி எதற்கு, சைக்கிளில் போய் வெரசாகத் திரும்பினால் போதாதா? இதைத் தம்பியிடம் சொல்லி, அவர்களிடம் சொல் என்றேன். டீ கொடுக்கப் போன எனக்கு அந்த அறையில் பேச்சு கிடையாது. அவன் போய், "கேபிள்ல லாரி மாதிரி வருமாம்" என்றான். சித்தப்பா மகிழ்ந்துபோய் லாரியையே எடுக்கச் சொல்லிவிட்டார்.

கேபிள் நெட் வந்தது. பகலில் சுமாராக ஓடியது. டியூசன் பிள்ளைகள் கிளம்பி, நான் உட்கார்ந்து, ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடிக்கும். உடனே நெட் போய்விடும். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, தினமும். பூசை முடிந்து சனம் வீடு திரும்பியதும் அதுவும் திரும்பிவிடும். நடு ஆட்டத்தில் தொலைந்துபோகிறவளை யார் கூட்டணியில் வைத்துக்கொள்வார்கள்? கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலு பேர் என்னைத் தம்பியின் பேரில் சேர்த்திருந்தார்கள். இன்னொரு முறை இப்படிப் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேபிள்காரரைக் கூப்பிட்டால் மேலே சர்வர் டவுன் என்பார். எந்த மேலே என்று அவருக்கும் தெரியாது. சித்தப்பா மோடத்தைத் தூக்கி ஜன்னலில் வைத்தார், காற்று பட்டால் சரியாகுமாம். அப்பா வழக்கம்போல் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். தம்பி வைரஸ் என்றான்.

ஒரு சாயங்காலம் அம்மா என்னை வலுக்கட்டாயமாகப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தெருமுனை வீட்டு அக்காவும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருந்தார். கதவைப் பூட்டப் போனவர், செத்த நேரம் இருங்க என்று திரும்பி உள்ளே போனார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி, பச்சை பச்சையாக மினுக்கிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தட்டினார். பச்சை எல்லாம் அணைந்தது. அது என்னக்கா என்றேன்.

"கேபிள்காரன் வச்சுட்டுப் போனதும்மா. ஆளில்லாத வீட்ல கரண்டு எதுக்கு வீணா ஓடணும்?"

எட்டுத் தெருவுக்கான நெட் அந்த அக்காவின் பக்தியை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. பூசை முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அம்மா தொடையில் கிள்ளினாள்.

வீட்டில் சொன்னேன், தம்பியிடம். அவன் தானே கண்டுபிடித்ததாக அப்பாவிடம் சொன்னான். சித்தப்பா, கேபிள்காரனை நம்ப வேண்டாம் என்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார். ஒருவழியாக டெலிபோன் லைன் நெட் வந்தது. வேகம் கொஞ்சம்தான், ஆனால் அழுத்தினால் சுட்டது. மணி அடித்தாலும் போகவில்லை. கோயம்புத்தூர்ப் பையன்கள் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். தம்பியும் எப்போதாவது உட்காருவான், வரிசையாகச் சாவான், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நெட்டைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போவான். அவன் கெடுத்த பேரை நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சரிசெய்வேன். அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிளஸ் டூ முடித்துத் தம்பி இன்ஜினியரிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனான். அந்த வாரமே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கேப்பா என்றேன், ஹெட்போனைக் கழற்றாமல்.

"டெலிபோன் ஆபீசுக்கு. ஆடுறவன் போயிட்டான், இனி நெட்டு யாருக்கு? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

திரையில் என் ஆள் ஒரு சுவரோரம் பதுங்கியிருந்தான். நான் எழுந்து நின்றேன்.

"நான்தாம்ப்பா ஆடுறேன். இம்புட்டு நாளும் நான்தான்."

அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயாம்மா? நீ டைப்பு பழகுறேன்னுல்ல நெனச்சேன்."

கேலியே இல்லாமல் சொன்னார், அதுதான் சுட்டது. தினமும் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தவர் அவர். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நெட்டை நிறுத்தவில்லை.

அவர் நல்லவர்தான், அதை மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு சித்தப்பா வந்து, பையன்தான் இல்லையே, எதற்கு இன்னும் இதை வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா சற்றும் யோசிக்காமல் பதில் சொன்னார்.

"பையன் லீவுக்கு வருவான்ல."