சத்தம் குறைத்து வைத்த மோடம்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு போட்டுக்கொண்டு யாரும் நுழைய மாட்டார்கள். எங்கள் எம்.டி.கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். பிலோமினா மேடம் அன்று செருப்போடு நுழைந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஈ.டி.பி. மேனேஜர் அவர்; அங்கே கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. எங்கள் கம்பெனியின் மிகப் பெரிய கஸ்டமரும் அவர்கள்தான்.

“எங்க ஆர்டர் லெட்டரெல்லாம் எங்கங்க போச்சு? காலையிலேர்ந்து ஹெட் ஆபீஸுக்கு ஒண்ணுகூடப் போய்ச் சேரல. உங்க சர்வர் மட்டும் அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்னு சொல்லிகிட்டே இருக்கு!”

எங்கள் டெக்னிக்கல் டைரக்டர் கிரிதரன் சார் சுழல் நாற்காலியிலிருந்து எழவில்லை. “இன்ஸ்டலேஷன் எர்ரர்” என்றார். அவ்வளவுதான்.

இன்ஸ்டலேஷன் செய்தவன் முருகேசன். காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டரில் வருவான், என் வயதுதான் இருக்கும். அவனை நிரந்தரமாக்கும் கன்ஃபர்மேஷன் ஆர்டர் டைப் அடிக்கப்பட்டு, அந்த வாரம்தான் எம்.டி.யின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மேகம் வரைந்தவர்

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் ஆவடியிலிருந்து லோக்கல் ட்ரெயின் பிடித்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாங்கள் செய்து விற்றது ஒரு மெயில் சர்வர். தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களில் அடிக்கும் கடிதங்களை அது சேர்த்து வைக்கும். பிறகு மோடம் வழியாக ஹெட் ஆபீஸுக்கு போன் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த நம்பருக்கு போன் போடுவது, யார் யார் கடிதம் அனுப்பலாம் என்ற செட்டிங்கையெல்லாம் நான் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருந்தேன். எடிட்டரில் திறந்தால் யாருக்கும் புரியும்.

ஒரு கஸ்டமர், செட்டிங் எல்லாம் டேட்டாபேஸில் இருக்க வேண்டும் என்றார். இன்னொருவருக்கு டெக்ஸ்ட் ஃபைலே போதும். ஆளுக்கொரு சர்வர் எழுத முடியாது. ஆகவே செட்டிங்கை எங்கிருந்து படிப்பது என்ற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, வேண்டியதை மாட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அந்தப் பகுதிக்கு பேக்எண்ட் என்று பெயர். தேவை நியாயமானது. அதில் நான் குறை சொல்லவில்லை.

குறை, அதை டிசைன் பண்ண வந்த மகானிடம் இருந்தது. கிரிதரன் சார் வெளிநாட்டில் இருந்தவர். எந்தக் கம்பெனி என்று கேட்டால் அங்கே பனி எப்படிப் பெய்யும் என்று சொல்வார். எங்கள் வெள்ளைப் பலகை முழுக்க மேகம் மேகமாக வரைந்து, நடுவில் அம்பு விட்டு, “யாரும் அழிக்கக் கூடாது” என்று எழுதி வைத்தார். புரோகிராம் ஒரு வரி எழுதவில்லை. வாயாலேயே வடை சுடுகிறவருக்கு மாவு எதற்கு?

அவர் திட்டம் இதுதான். சர்வர் ஒரு செட்டிங்கின் பெயரைச் சொல்லிக் கேட்கும், பேக்எண்ட் அதன் மதிப்பைத் திருப்பித் தரும். பின்னால் இருப்பது ஃபைலா டேட்டாபேஸா என்று சர்வருக்குத் தெரியவே வேண்டாம். இதுவரைக்கும் சரி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“சார், அப்படி ஒரு செட்டிங்கே இல்லேன்னா பேக்எண்ட் என்ன குடுக்கும்?”

“காலி.”

“டேட்டாபேஸே படுத்துக் கெடந்தா?”

“அப்பவும் காலிதான்.”

“ரெண்டும் வேற வேற இல்லையா சார்? ஒண்ணு, கேட்டோம், இல்லேன்னு பதில் வந்துச்சு. இன்னொண்ணு, கேக்கவே முடியல.”

“ஜெயந்தி, இன்டர்ஃபேஸ் கிளீனா இருக்கணும். காலி வந்தா டீஃபால்ட் எடுத்துக்கும். சிம்பிள். நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க.”

யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கிறது.

டீஃபால்ட் என்பது புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைக்கும் மதிப்பு. செட்டிங் கிடைக்காவிட்டால் அதை வைத்து ஓட்டிக்கொள்ளும். போன் நம்பருக்கு என்ன டீஃபால்ட் வைப்பது? சோதனைக்காக எங்கள் ஆபீஸில் ஒரு டெஸ்ட் மெஷினும் மோடமும் இருந்தன. “இப்போதைக்கு அந்த நம்பர் இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் சார். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. டேட்டாபேஸ் எந்த மெஷினில் இருக்கிறது என்பதும் ஒரு செட்டிங்தானே, அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். “எல்லா செட்டிங்கும் டேட்டாபேஸ்லதான்” என்றார், பெருமையாக. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டுகிற டிசைன். நான் சத்தமில்லாமல் அந்த ஒரு விவரத்தை மட்டும் சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் வைத்தேன். அவர் கடைசி வரை கவனிக்கவில்லை. கவனிக்க அவர் புரோகிராமைத் திறந்து பார்த்திருக்க வேண்டுமே!

ஓயாத கீச்சல்

பிலோமினா மேடத்தின் தொழிற்சாலையில் முருகேசன் டேட்டாபேஸ் பேக்எண்டை மாட்டிக் கொடுத்தான். ஹெட் ஆபீஸ் நம்பரைப் போட்டு, கடிதம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். பல வாரங்கள் ஒழுங்காக ஓடியது.

அன்று காலை எங்கள் டெஸ்ட் மோடம் ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மோடம் எடுக்கிற ஒவ்வொரு போனுக்கும் அந்தக் கீச்சல் வரும். யாரோ நம் ஆட்கள் டெஸ்ட் பண்ணுகிறார்கள் என்று நான் தலை நிமிரவில்லை. கிரிதரன் சார் அறையிலிருந்து வந்தார். “வாட் இஸ் திஸ் நியூசென்ஸ்? மனுஷன் யோசிக்க வேணாமா?” என்று தன் கையாலேயே மோடத்தின் வால்யூம் திருகைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் போனார். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தன் கையால் செய்த முதல் வேலை அது.

அதற்குப் பிறகுதான் பிலோமினா மேடம் செருப்போடு வந்தது.

எம்.டி. முருகேசனை கம்ப்யூட்டர் ரூமுக்கே கூப்பிட்டு விசாரித்தார். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“சார், நா நம்பர ஒண்ணுக்கு ரெண்டு வாட்டி பாத்துகினுதான் வந்தேன். நேத்து வரிக்கும் நல்லாதானே சார் ஓடிகினு இருந்துச்சு?”

“இந்த மாதிரி ஆளுங்கள கஸ்டமர் சைட்டுக்கு அனுப்பினா இப்படித்தான் ஆகும்” என்றார் கிரிதரன், அவனைப் பார்க்காமலே.

‘இந்த மாதிரி ஆளுங்க!’ அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எம்.டி. டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, “அந்த கன்ஃபர்மேஷன் பேப்பர நிறுத்தி வைம்மா” என்றார். முருகேசனை வெளியில் இருக்கச் சொன்னார்.

அவன் போகிற வழியில், ரூம் வாசலோரம் இருந்த என் மேசை அருகில் வந்து நின்றான். “இன்னா மேடம் இது? நா இன்னா தப்பு பண்ணேன்? பர்மனென்ட் ஆயிடுவேன்னு ஊட்ல சொல்லி வச்சிகீறேன் மேடம். இப்ப இன்னான்னு போய் சொல்றது?”

“இரு, முருகேசு. காலையில அந்த ஃபேக்டரில ஏதாவது ஆச்சா?”

“ஒண்ணும் ஆவலியே. கரண்ட் போய் வந்துச்சாம், அவ்ளோதான்.”

கரண்ட். நான் திரும்பி டெஸ்ட் மோடத்தைப் பார்த்தேன். சத்தமில்லாமல் அதன் சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் ஒருவரும் டெஸ்ட் பண்ணவில்லை.

கரண்ட் திரும்பியதும் தொழிற்சாலையில் எல்லா மெஷினும் ஒன்றாக எழுந்திருக்கின்றன. எங்கள் சர்வர் சட்டென்று எழுந்துவிடும். டேட்டாபேஸ் மெஷின் தன் டிஸ்க் முழுவதையும் சோதித்துவிட்டு மெதுவாகத்தான் எழும். அது எழுவதற்குள் எங்கள் சர்வர் நம்பர் கேட்டிருக்கிறது. காலி வந்திருக்கிறது. உடனே டீஃபால்ட்டை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு திரும்பக் கேட்கவே இல்லை.

நான் டெஸ்ட் மெஷினின் ஸ்கிரீனைப் பார்த்தேன். பிறகு வால்யூம் திருகை முழுசாகத் திருப்பினேன். அடுத்த கால் வந்தது. கீச்சென்று ரூமே அதிர்ந்தது.

“டர்ன் இட் ஆஃப்!” என்று கத்தினார் கிரிதரன்.

“பிலோமினா மேடம், கொஞ்சம் இங்க வாங்க. இது உங்க லெட்டரான்னு பாருங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “ஐயையோ, இது எங்க பிரேக் ஷூ ஆர்டர்! இது எப்படி இங்க வந்துச்சு?”

“காலையிலேர்ந்து உங்க சர்வர் எங்களுக்குத்தான் போன் போட்டுகிட்டிருக்கு மேடம். ஒண்ணுவிடாம எல்லாம் இங்கதான் இருக்கு.”

எம்.டி. எழுந்து வந்தார். “நம்ம நம்பரை அவங்க சர்வர்ல யாருய்யா போட்டது?”

கிரிதரன் மேகம் வரைந்த பலகையைப் பார்த்தார். “அது... டீஃபால்ட் சார்.”

வாசலிலிருந்து முருகேசன் கேட்டான். “அப்ப நா போட்ட நம்பர் இன்னா சார் ஆச்சு?”

“டேட்டாபேஸ் லேட்டா வந்திருக்கும்.”

எம்.டி.க்கு கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கக்கூடத் தெரியாது. அவர் சொன்னார்: “லேட்டா வந்தா, இன்னும் வரலைன்னு சொல்லிட்டு நிக்க வேண்டியதுதானே? அத விட்டுட்டு எவன் நம்பருக்கோ போன் போடுமா?”



பிறகு

கடிதங்களை எங்கள் மெஷினிலிருந்தே ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிவைத்தோம். பேக்எண்டை நான் திருத்தி எழுதினேன். இனி அது மூன்று விதமாகப் பதில் சொல்லும்: இதோ மதிப்பு, அப்படி ஒன்று இல்லை, என்னால் கேட்க முடியவில்லை. மூன்றாவது பதில் வந்தால் சர்வர் கடைசியாகச் சரியாக ஓடிய செட்டிங்கை வைத்து ஓட்டும். அதுவும் இல்லையென்றால் நின்று, ஸ்கிரீனில் கத்தும். டீஃபால்ட்டில் யாருடைய போன் நம்பரும் கிடையாது. அடுத்த விளம்பரத்தாளில் கிரிதரன் சார் இதற்கு ‘இன்டெலிஜென்ட் பேக்எண்ட்’ என்று பெயர் வைத்து, டிசைன் தன்னுடையது என்று போட்டுக்கொண்டார். போட்டுக்கொள்ளட்டும். வேறு என்ன தெரியும் அவருக்கு?

முருகேசனின் ஆர்டரில் எம்.டி. அவன் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். ‘இந்த மாதிரி ஆளுங்க’ என்று சொன்னதற்கு கிரிதரன் மன்னிப்புக் கேட்கவில்லை.

பேக்எண்ட் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ‘இல்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு பதில்கள். இரண்டையும் காலி என்று ஒன்றாக்கி வைத்தால், உங்கள் சர்வர் கூசாமல் பொய் சொல்லும். அதை டிசைன் பண்ணியவரும் அப்படித்தான் இருந்தார். லெட்டர் எங்கே போனது என்று பிலோமினா மேடம் கேட்டபோது அவருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவரிடம் வழியே இல்லை. அதனால் டீஃபால்ட்டை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவருடைய டீஃபால்ட், முருகேசன்.