பாதை மூடியிருந்த மாதம் வாசித்ததும் விளையாடியதும்

துறைமுக வீதியில் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கடலில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு சரக்குக் கப்பல்கள் வருவது நின்றுவிட்டது. தட்டச்சு அடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நாங்கள் கதிரைகளில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதைப் பார்த்துப் பார்த்து முதலாளிக்கே அலுத்துவிட்டது.

"கப்பல் வந்தா ஆள் அனுப்புறன். அதுவரைக்கும் வீட்டை நில்லுங்கோ" என்றார்.

லிங்கநகரில் அக்காவோடுதான் நான் இருந்தேன். அவளுக்குக் கலியாணமாகி இரண்டாவது வருசம். அத்தானுக்கு வேலை புல்மோட்டையில். கனிம மணல் அள்ளுகிற இடத்தில் இயந்திரங்கள் திருத்துவார். சனிக்கிழமை வந்து ஞாயிறு பின்னேரம் போவார். நான் வீட்டில் நிற்கத் தொடங்கிய அதே கிழமை நிலாவெளிக்கு அப்பால் கண்ணிவெடி வெடித்ததால் புல்மோட்டைக்குப் போகும் பாதையை மூடினார்கள். கார்த்திகை மழை. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் வள்ளமும் ஓடவில்லை. அந்தப் பக்கத்துத் தொலைபேசியும் செத்துப் போயிருந்தது. அத்தான் அங்கே நிற்கிறார் என்பதைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது.

முதல் சில நாட்கள் எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. பாதை மூடுவதும் திறப்பதும் எங்கள் ஊரில் புதினமில்லை. கிடைத்த லீவில் வாசித்துத் தள்ளலாம் என்றுதான் நினைத்தேன். டவுனில் புத்தகங்களை வாடகைக்குக் கொடுக்கும் சிறிய கடை ஒன்று இருந்தது. காலையில் குடையோடு போய் அள்ளிக்கொண்டு வருவேன். துப்பறியும் கதைகள், பேய்க்கதைகள், வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தடித்த புத்தகங்கள். துப்பறியும் கதை ஒன்று மத்தியானச் சோற்றுக்கு முன் முடிந்துவிடும். படுத்திருந்து வாசிப்பேன், குசினியில் தேங்காய் துருவும்போதும் பக்கத்தில் விரித்து வைத்திருப்பேன். அக்கா வாசிக்க மாட்டாள். "உந்தப் பொய்களை என்னெண்டுதான் வாசிக்கிறியோ" என்பாள்.

எங்கள் வீட்டின் மற்றப் பாதியில் ஒரு மிஸி வாடகைக்கு இருந்தா. ஆஸ்பத்திரித் தாதிமாரை எங்கள் ஊரில் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாப் பெண், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவ, கலியாணம் செய்யவில்லை. வேலை முடிந்து வந்ததும் என் புத்தகக் கட்டைப் புரட்டுவா. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் வாசிப்பா. அது பிடித்தால்தான் முதற் பக்கத்துக்கு வருவா.

"மிஸி, பிறகு என்ன ருசி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆஸ்பத்திரி வாட்டில முடிவு தெரியாம நிக்கிறது காணும் புள்ள. வீட்டுக்கு வந்தும் அப்பிடி நிக்க எனக்கு ஏலா" என்றா.

தொலைக்காட்சிப் பெட்டி மிஸியிடம்தான் இருந்தது. நீளமான தண்ணீர்க் குழாயின் நுனியில் அன்ரனாவைக் கட்டிக் கூரைக்கு மேலே நிறுத்தியிருந்தா. வானம் நல்லாயிருந்தால் இந்திய அலைவரிசை பிடிக்கும். மழைக் காலத்தில் யாராவது வெளியே நின்று குழாயைத் திருப்ப வேண்டும். அந்த வேலை எனக்கு. தலையில் பொலித்தீன் பையோடு நின்று "இப்ப?" என்று கத்துவேன். "வருது, வருது, ஐயோ போயிட்டுது!" என்று உள்ளிருந்து மிஸி கத்துவா. ஒரு பழைய படத்தின் பாட்டுகளை மட்டும் பார்த்தோம். சண்டைக்காட்சி முழுக்கத் திரையில் பூச்சி பறந்தது.

அக்கா தொடக்கத்தில் வரவில்லை. மிஸிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தா. வந்தவள் படமும் பார்க்கவில்லை, தொடர்நாடகமும் பார்க்கவில்லை. செய்திகளைப் பார்த்தாள். தமிழ்ச் செய்தியைப் பார்ப்பாள். பிறகு சிங்களச் செய்தி. பிறகு ஆங்கிலச் செய்தி. அவளுக்குச் சிங்களம் ஓடாது, ஆங்கிலமும் அரைகுறை. ஆனாலும் திரைக்கு மிகக் கிட்டக் கதிரையைப் போட்டு, புல்மோட்டை என்ற சொல் எந்தப் பாசையிலாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். வரவில்லை என்றால் அது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு அவள் விளையாடத் தொடங்கினாள்.

உள்ளங்கையில் அடங்குகிற விளையாட்டுப் பெட்டி ஒன்று அப்போது எல்லா வீடுகளிலும் பரவியிருந்தது. சின்னத் திரையில் கல் கல்லாக மேலிருந்து விழும். இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். அத்தான் கடைசியாக வந்தபோது அதை வாங்கிக்கொண்டு வந்து, நின்ற நேரம் முழுக்க அதையே தட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஏசினாள். "வாறதே ரெண்டு நாள். அதுக்குள்ளையும் உந்தச் சாமானைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்." அவர் சிரித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். இப்போது அது அக்காவின் கையில் இருந்தது. அரிசி வேகும் நேரத்தில், உடுப்பு ஊறும் நேரத்தில், எந்த நேரமும் அந்தக் கீச்சுக்கீச்சுச் சத்தம். என்னிடம் தரமாட்டாள். சுழியோடிகள் வராமலிருக்கத் துறைமுகத்தில் கடற்படைக்காரர் தண்ணீருக்குள் வெடி போடும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். அப்போதும் தலை நிமிர மாட்டாள்.

நாட்கள் போகப் போகத் திரை மங்கிக்கொண்டே வந்தது. வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்துத்தான் கற்களைக் காணலாம். டவுனுக்குப் போனபோது பற்றரி வாங்கி வந்தேன். குண்டுக்குப் பயன்படுமென்ற சந்தேகத்தில், எதற்கு, எங்கே கொண்டுபோகிறாய் என்று சோதனைச்சாவடியில் நிற்க வைத்துக் கேட்டார்கள். உள்ளங்கையைக் காட்டி, இவ்வளவு விளையாட்டுப் பெட்டிக்கு என்று விளக்கி, ஒருவழியாக வந்து சேர்ந்து பெட்டியின் பின்மூடியைத் திறக்கப் போனேன். அக்கா பாய்ந்து பறித்தாள்.

"தொடாதை!"

"ஏனக்கா? திரை தெரியேல்லைத்தானே."

"பற்றரியைக் கழட்டினா அவரின்ரை பொயின்ற்ஸ் அழிஞ்சு போயிடும்."

திரையின் ஓரத்தில், இதுவரை எடுத்த ஆகக் கூடிய புள்ளி ஒன்று எப்போதும் நிற்கும். அது அத்தான் எடுத்தது. அக்கா எவ்வளவு விளையாடியும் அதன் கிட்டவும் நெருங்கவில்லை. நெருங்க அவளுக்கு ஆசையும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளையாடிவிட்டு ஒவ்வொரு தரமும் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்வாள். நான் பற்றரிகளை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமையில்தான் ஊருக்குள் ஒரு கதை பரவியது. சந்தையில் மீன் விற்கிற ஒருவர் சொன்னாராம், புல்மோட்டையில் வேலைக்குப் போன ஆட்கள் சிலரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களென்று. யார் பிடித்தது, எத்தனை பேர், ஒன்றும் தெளிவில்லை. பக்கத்து வீட்டார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார்கள். அக்கா செய்தி பார்ப்பதையும் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டாள். கூப்பிட்டால் "ம்" என்றாள்.

மிஸி ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு வந்தா. "அந்தப் பக்கத்தால காயப்பட்டும் ஒருத்தரும் வரல்ல, வேற மாதிரியும் வரல்ல. நான் பேர் பதியிற கொப்பியையே பாத்திட்டன்" என்றா. அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பின்னேரம் மழை ஊற்றியது. கரண்டும் இல்லை. மிஸி என் கட்டிலிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து என் மடியில் போட்டா. "நீ வாசி. நாங்க ரெண்டு பேரும் கேக்கிறம்." அட்டை கிழிந்து போனதால் அதன் பெயரே எங்களுக்குத் தெரியாது. வியாபாரத்துக்குக் கப்பலேறிப் பர்மாவுக்குப் போன ஒருவன், கரையில் காத்திருக்கும் அவன் மனைவி. இந்தக் கதையைப் போய் ஏன் எடுத்தா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அக்கா இரண்டாம் அத்தியாயத்தில் தலையைத் திருப்பினாள். அடுத்த நாள் அவளே வந்து இருந்தாள். மாமியார் அந்த மனைவியைப் படுத்திய பாட்டுக்கு "இவளுக்கு வாயில்லையோ" என்று ஏசினாள். பின்னேரங்களில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, மூவரும் வாசலோடு இருந்த வெளிச்சத்தில் குந்துவோம்.

ஒருநாள் அக்கா கேட்டாள். "மிஸி, நீங்கள் கடைசிப் பக்கம் பாத்திருப்பியள்தானே. அவன் வாறானோ?"

மிஸி தேத்தண்ணிக் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்காமலே, "ஓம் புள்ள, வாறான்" என்றா.

அக்காவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அன்று இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டாள்.

கடைசி அத்தியாயம் வந்த நாள். உரத்து வாசித்துக்கொண்டு போகிற என் கண் இரண்டு வரி முன்னே ஓடியது. ரங்கூனிலிருந்து தந்தி வருகிறது. அவன் காய்ச்சலில் செத்துப் போனான். "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். மிஸியும் பின்னாலே வந்தா.

"மிஸி, அவன் வாறான் எண்டு சொன்னீங்களே!"

"மெதுவாக் கதை புள்ள. அண்டைக்கு முடிவு பாக்காம எடுத்திட்டன். சொன்னது நான். கூட்டிக்கொண்டு வாறது உன்ட வேலை."

"எனக்கு ஏலாது மிஸி."

"ஏலும். கப்பல் கந்தோரில்தானே வேலை செய்யிற? ஒரு கப்பல விடு."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கதையிலிருந்த மனைவியைத் தந்தியைப் பிரிக்க வைத்தேன். கப்பல் புறப்பட்டுவிட்டதாக அதில் எழுதினேன். காய்ச்சல் வந்தது உண்மை, ஆனால் மாறிவிட்டது. அவனைத் தூத்துக்குடியில் இறக்கினேன், மாட்டு வண்டியில் ஏற்றினேன். எழுதியவரின் அழகான தமிழ் எனக்கு எங்கே வரும்? "மேற்படி கப்பல் குறித்த நேரத்தில் துறைமுகத்தை வந்தடைந்தது" என்று என் வாயிலிருந்து அலுவலகக் கடிதம்தான் வந்தது. வாசித்து முடித்ததுபோல இடையிடையே தாளைப் புரட்டினேன். மிஸி சுவரைப் பார்த்தபடி, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தா. கடைசியில் அவன் படலையைத் திறந்தான். முற்றும்.

அக்கா வெறும் தேத்தண்ணிக் கோப்பைகளைச் சேர்த்து எடுத்தாள். பிறகு, "நல்ல கதைதான். ஆனா கடைசியிலை எழுதினவர் களைச்சுப் போனார் போல" என்றாள்.

அவளுக்கு விளங்கியதா இல்லையா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. புத்தகத்தை அடுத்த நாள் காலையிலேயே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து விளையாட்டுப் பெட்டி தானாகவே நின்றுபோனது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்த அக்கா, அத்தனை நாளும் அழாதவள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நானும் மிஸியும் இரண்டு பக்கமும் இருந்தோம். மிஸி அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தா.

மழை விட்டது. கடல் அடங்கியது. ஒரு மத்தியானம் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது படலைச் சத்தம் கேட்டது. அத்தான். தாடி வளர்ந்து, சாரத்தோடு, கருவாட்டு வாசத்தோடு நின்றார். மீன்பிடி வள்ளமொன்றில் இறக்கக்கண்டி வரை வந்து, அங்கிருந்து உழவு இயந்திரம் ஒன்றில் தொற்றி, மிச்சத் தூரம் நடந்திருக்கிறார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ, இப்பத்தான் கூட்டினனான்" என்றாள். சொல்லிவிட்டு அரிவாள்மனைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டாள். அவர்தான் வந்து தூக்கினார்.

குளித்துச் சாப்பிட்ட பிறகு அவள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இஞ்சாருங்கோ, உங்கடை பொயின்ற்ஸ் அழிஞ்சு போட்டுது. நான் எவ்வளவோ பாத்தன்."

அத்தான் முழித்தார். "எந்தப் பொயின்ற்ஸ்?"

"அதிலை நிண்டது. நீங்கள் எடுத்தது."

"ஐயோ, அது என்ரையில்லை. என்னோடை வேலை செய்யிறவர் ஒருக்கா வாங்கி அடிச்சவர். எனக்கு அதிலை பாதியும் வராது."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றப் பக்கத்திலிருந்து மிஸி எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டா.

பிடித்துக்கொண்டு போன கதை பொய். பாதை மூடியதும் வேலையும் நின்றுவிட, அத்தானும் இன்னும் சிலரும் ஒரு முஸ்லிம் மீனவர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பகல் முழுக்க அங்கே ஒரே ஒரு பொழுதுபோக்கு, முந்நூற்றி நாலு. எங்கள் நாட்டில் எல்லோரும் விளையாடுகிற கடுதாசி விளையாட்டு, சீட்டாட்டந்தான், நான்கு பேர் வேண்டும். அத்தான் அதில் பைத்தியமாகித் திரும்பி வந்திருந்தார். எங்களையும் மேசையைச் சுற்றி இருத்தினார். அவரும் நானும் ஒரு பக்கம், அக்காவும் மிஸியும் மற்றப் பக்கம். மிஸி கடுதாசியைக் கையில் எடுத்த உடனேயே என்ன துருப்பு என்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டுவா. அத்தான் கண்டுபிடித்துக் கத்துவார். "இது கள்ள விளையாட்டு மிஸி!" "நோயாளியள் சந்தோசமா இருக்கோணும் தம்பி" என்பா.

ஒரு கிழமையில் பாதையைத் திறந்தார்கள். வேலைக்கு வரச் சொல்லி அத்தானுக்கு ஆள் வந்தது. அவர் பையை அடுக்கத் தொடங்க, அக்கா தன் சேலைகளையும் எடுத்து அதே கட்டிலில் வைத்தாள்.

"உதென்ன?" என்றார் அத்தான்.

"நானும் வாறன்."

"அங்கை கரண்டும் இல்லை, தண்ணியும் உப்பு."

"இஞ்சை இருந்து மூண்டு பாசையிலை செய்தி கேக்க எனக்கு ஏலாது. நான் வாறன்."

அவர் அதற்கு மேல் மறுக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு நானும் மிஸியும் போனோம். மிஸிக்கு அன்று வேலை, வெள்ளை உடுப்போடு நின்றா. ஒவ்வொரு பையாகத் திறந்து சோதித்த பிறகுதான் ஏற விட்டார்கள். அக்கா யன்னலோரம் இடம் பிடித்து, வெளியே கையை நீட்டி என் கன்னத்தைத் தட்டினாள். நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். பஸ் நிலாவெளிப் பக்கம் திரும்பியதும் மிஸி நேரத்தைப் பார்த்தா, "வா புள்ள, எனக்குப் பிந்துது" என்றா. நாங்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒன்றாக நடந்தோம்.